வயிறு எரிகிறதா? மனசு எரிகிறதா?

நோயாளி சொன்ன கதையையே ஆராய்ச்சி ஆக்கிய பெங்களூர் டாக்டர்கள்

ஓசூரில் இருந்து பெங்களூருக்குப் போகிற ரோட்டுக்கு இரண்டு பெயர் உண்டு. ஓசூர்க்காரர்கள் அதை "பெங்களூர் ரோடு" என்கிறார்கள். பெங்களூர்க்காரர்கள் அதையே "ஓசூர் ரோடு" என்கிறார்கள்.

ரோடு ஒன்றுதான். நிற்கிற இடத்தைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது!

ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அத்திப்பள்ளி, சந்தாபுரம், மடிவாளா என்று வரிசையாக ஊர்கள். நாற்பது கிலோ மீட்டருக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வந்துவிடும். மனநோய்க்கும், மூளை நரம்பு வியாதிகளுக்கும் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி அது. "நிம்ஹான்ஸ்" என்று பெயர். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து ஜனங்களுக்கு அது தெரிந்த இடம். ஆனால் "அங்கே போய் வந்தேன்" என்று வெளியே சொல்லத்தான் தயங்குவார்கள்.

வியாதிக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு. டாக்டர் ஒரு பெயர் சொல்கிறார். நோயாளி வேறு பெயர் சொல்கிறார். இரண்டும் ஒரே வியாதியா? நோயாளி ஏன் வேறு பெயர் சொல்கிறார்? இதைக் கண்டுபிடிக்க ஓசூர் ரோட்டில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதில் முக்கியமான கருவி, ஊசியும் இல்லை, இயந்திரமும் இல்லை. காது!

"ஒண்ணும் இல்லப்பா!"

ஒரு தொழிலாளி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர், தேன்கனிக்கோட்டைக்கு அப்பால். வேலை, ஓசூர் சிப்காட்டில். கைக்கடிகாரம், மொபெட், லாரி என்று பல சாமான்கள் தயாராகிற ஊர் ஓசூர். ஷிப்டு மாறி மாறி வரும். பகலில் தூக்கம், இரவில் வேலை. ஊரில் நிலத்தின் மேல் கடன். கல்யாணத்துக்கு ஒரு தங்கை.

அவருக்கு உடம்பு சரியில்லை. டாக்டரிடம் போகிறார்.

"என்னப்பா பண்ணுது?"

"வயிறு எரியுதுங்க சார். நெஞ்சு பாரமா இருக்குதுங்க. கை காலெல்லாம் அசதி."

டாக்டர் வயிற்றுக்கு மாத்திரை கொடுக்கிறார். இரண்டு வாரம் கழித்து அதே எரிச்சல். ரத்தப் பரிசோதனை. பிறகு ஸ்கேன். எல்லாம் சரியாக இருக்கிறது. டாக்டர் சந்தோஷமாகச் சொல்கிறார்: "உனக்கு ஒண்ணும் இல்லப்பா!"

ஒன்றும் இல்லை என்றால், ஏன் எரிகிறது? வீட்டிலோ வேறு பேச்சு. "ஒண்ணும் இல்லாததுக்கா இவ்வளவு செலவு?"

டாக்டரைக் குறை சொல்ல முடியாது. வயிறு எரிகிறது என்றால் முதலில் வயிற்றைத்தான் பார்க்க வேண்டும். வயிற்றுப் புண்ணாக இருந்தால் என்ன ஆவது? ஆனால் வயிற்றில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்க டாக்டருக்கு நேரம் இல்லை. வெளியே இன்னும் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாத்திரை எழுதாத நிபுணர்

இங்கேதான் மருத்துவ மனோதத்துவ நிபுணர் வருகிறார்.

இவர் வேறு, மனநோய் டாக்டர் வேறு. மனநோய் டாக்டர் மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதுவார். மனோதத்துவ நிபுணர் மனித மனத்தைப் பற்றிப் படித்தவர். பரிசோதனைகள் வைத்துப் பார்ப்பார். பேச்சினாலும் பயிற்சியினாலும் சிகிச்சை செய்வார். மாத்திரை எழுத மாட்டார்.

இந்தியாவில் இந்தப் படிப்பு முதன்முதலில் வேர் பிடித்ததும் பெங்களூரில்தான். 1954-ல் அங்கே அகில இந்திய மனநல நிலையம் ஏற்பட்டது. மறு வருஷமே மருத்துவ மனோதத்துவத்துக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. 1974-ல் அந்த நிலையமும் பக்கத்தில் இருந்த மனநோய் ஆஸ்பத்திரியும் ஒன்றாக்கப்பட்டன. அதுதான் இன்றைய "நிம்ஹான்ஸ்".

மனசின் வியாதியை அளக்க நிபுணர்கள் கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். உலகம் முழுவதும் பழக்கத்தில் உள்ள ஒரு தாளில் 9 கேள்விகள் இருக்கும். "கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் சோர்வாக இருந்தீர்கள்? எத்தனை நாள் தூக்கம் கெட்டது?" இந்த மாதிரி. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மார்க். மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டிய ஆள் என்று அர்த்தம்.

நல்ல ஏற்பாடுதான். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆயிரம் பேரைக்கூட அளந்துவிடலாம். ஒரு மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க, சாப்பிடுவதற்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று எண்ணித்தான் ஆக வேண்டும். எண்ணாமல் "குணமாகிவிட்டது" என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆனால் எண் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. கிருஷ்ணகிரி மண்டியில் மாம்பழத்தைத் தராசில் வைத்தால் எத்தனை கிலோ என்று தெரியும். கொட்டைக்குள் வண்டு இருக்கிறதா என்று தராசு சொல்லுமா? பழத்தை அறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

நம் தொழிலாளிக்கு 14 மார்க் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சரி, சோர்வு இருக்கிறது. எதனால்? கடனா? தூக்கமா? தங்கை கல்யாணமா? அவர் ஏன் மனசைப் பற்றிச் சொல்லாமல் வயிற்றைப் பற்றிச் சொன்னார்? 14 என்ற எண்ணில் இதற்குப் பதில் இல்லை.

பதில் அவர் வாயில் இருக்கிறது. அவரைப் பேசவிட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதி, அதை ஒழுங்கு முறையோடு ஆராய்வதற்கு ஒரு தனி வழி இருக்கிறது. படித்தவர்கள் இதைப் "பண்புவழி ஆய்வு" என்கிறார்கள். எண்ணிப் பார்ப்பது "அளவுவழி ஆய்வு". பெயர் பெரிதாக இருக்கிறது. விஷயம் சுலபம். ஒன்று, எத்தனை பேர் என்று கேட்கிறது. மற்றது, எப்படி, ஏன் என்று கேட்கிறது.

80 பேர் சொன்ன கதை

இனி பெங்களூர் ஆராய்ச்சிக்கு வருவோம்.

டாக்டர் ரகுராம், டாக்டர் சென்னபசவண்ணா இருவரும் நிம்ஹான்சில் வேலை செய்த மனநோய் டாக்டர்கள். அமெரிக்காவைச் சேர்ந்த மிச்செல் வைஸ் என்ற டாக்டர் அவர்களோடு சேர்ந்தார். வைஸ் ஏற்கெனவே பம்பாயில் தொழுநோயாளிகளிடம் பேசி ஓர் ஆராய்ச்சி செய்தவர். நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எதை எதைக் கேட்பது என்று ஒரு பேட்டி முறையை அவர் தயாரித்தார்.

இந்தப் பேட்டியில் டாக்டர் தன் கேள்விகளை எடுத்த எடுப்பில் கேட்பதில்லை. முதலில் நோயாளி தன் கஷ்டத்தைத் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். அதற்கு அவர் என்ன பெயர் வைத்திருக்கிறார்? எதனால் வந்தது என்று நினைக்கிறார்? முதலில் யாரிடம் போனார்? நாட்டு வைத்தியரிடமா, கோயிலுக்கா, டாக்டரிடமா? இவ்வளவையும் கேட்ட பிறகு இன்னொரு வரிசைக் கேள்விகள்.

அந்த வரிசைதான் முள்ளாகக் குத்துவது.

"இந்த வியாதி இருப்பது வெளியே தெரியக் கூடாது என்று நினைக்கிறீர்களா? அக்கம்பக்கத்தார் மதிப்புக் குறையுமா? வீட்டில் உள்ளவர்களுக்குக் கல்யாணம் ஆவதில் தடை வருமா?"

சோர்வு வியாதிக்காக வெளிநோயாளியாக வந்த 80 பேரிடம் இப்படிப் பேசினார்கள். சொன்னதை எழுதினார்கள். கூடவே, சோர்வு எவ்வளவு, உடம்பு வலி எவ்வளவு, அவமான உணர்ச்சி எவ்வளவு என்று எண்ணாகவும் அளந்தார்கள். தராசும் இருந்தது, கத்தியும் இருந்தது!

முடிவு, 1996-ல் அமெரிக்க மனநோய் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது.

எண்கள் ஒரு விசித்திரத்தைக் காட்டின. மனச் சோர்வு அதிகமாகச் சொன்னவர்களுக்கு அவமான உணர்ச்சியும் அதிகம். உடம்பு வலி அதிகமாகச் சொன்னவர்களுக்கோ அவமான உணர்ச்சி குறைவு!

இது ஏன்? எண் அதோடு நின்றுவிட்டது. நோயாளிகள் சொன்ன கதைகளை எடுத்துப் படித்தார்கள். விடை அங்கே இருந்தது.

தலைவலி யாருக்கு வராது? வயிற்று வலி யாருக்கு வராது? ராஜாவுக்கும் வரும், கூலிக்கும் வரும். "தலைவலி" என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பாள். ஆனால் "காரணம் இல்லாமல் அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பு இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். பார்வையே மாறும். அந்த வீட்டில் பெண் எடுக்கலாமா என்று ஊர் யோசிக்கும்.

அதனால், மனசின் வேதனையை வெளியே தெரியாமல் வைக்கிறார்கள். உடம்பின் வேதனையை வெளியே சொல்கிறார்கள். இரண்டும் உண்மையான வேதனைதான். எதைச் சொன்னால் ஊர் ஏற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இது ஒரு பழைய அபிப்பிராயத்தைப் புரட்டிப் போட்டது. "இந்தியர்களுக்கு மனசைப் பற்றிப் பேசத் தெரியாது, அதனால் உடம்பைப் பற்றிப் பேசுகிறார்கள்" என்று மேல்நாட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும்!

எண்களை மட்டும் வைத்துக்கொண்டு இருந்தால் இந்த உண்மை கிடைத்திருக்காது. கதைகளை மட்டும் வைத்துக்கொண்டு இருந்தால் "யாரோ நாலு பேர் சொன்னது" என்று தள்ளியிருப்பார்கள்.

மூன்று பாஷை ஊரில்

ஓசூர்ப் பக்கத்தில் இந்த விஷயம் இன்னும் சிக்கல் ஆகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. வீட்டில் ஒரு பாஷை, கடையில் ஒரு பாஷை, பஸ்சில் வேறு பாஷை பேசுகிறவர்கள் உண்டு. இப்போது வடக்கே இருந்து வேலைக்கு வந்தவர்களின் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துவிட்டன.

கன்னடத்தில் "பேஜாரு" என்று ஒரு சொல் இருக்கிறது. அலுப்பும் அதுதான், வருத்தமும் அதுதான். தமிழில் "பேஜார்" என்றால் தொல்லை, தொந்தரவு. கன்னடக்காரர் "பேஜாரு" என்று சொன்னதைத் தமிழ் டாக்டர் "ஏதோ தொந்தரவு" என்று எழுதிக்கொண்டால்? தெலுங்கில் "திகுலு" என்றால் கவலை, வருத்தம். தமிழ்க் காதில் அது "திகில்" என்று விழும். கவலைப்படுகிறவரைப் பயப்படுகிறவர் ஆக்கிவிடுவோம்!

ஒரு பாஷையின் கேள்வித்தாளை இன்னொரு பாஷைக்கு மாற்றும்போதும் இதே வம்புதான். ஆங்கிலத்தில் துக்கத்தை "நீலம்" என்று சொல்கிற வழக்கம் உண்டு. அதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றி "உங்களுக்கு நீலமாக இருக்கிறதா?" என்று கேட்டால், நோயாளி தன் கையைத் திருப்பிப் பார்ப்பார்.

ஆகவே கேள்வித்தாள் தயாரிப்பதற்கு முன்னால், அந்த ஊர் ஜனங்கள் வேதனையை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று கேட்டு அறிய வேண்டும். "மனசு சரியில்லை", "யோசனை ஓடிக்கிட்டே இருக்குது", "நெஞ்சை அடைக்குது" என்பவை அந்தச் சொற்கள். கேட்டறிந்த பிறகுதான் எண்ண முடியும். எண்ணுவதற்கு எதிரி அல்ல கேட்பது. அதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்று ஒரு நாடு. அங்கே ஷோனா பாஷையில் "குஃபுங்கிசிசா" என்பார்கள். "அளவுக்கு மீறி யோசிப்பது" என்று அர்த்தம். நம் ஊரில் "ரொம்ப யோசிக்காதே, உடம்பு கெட்டுடும்" என்கிறோமே, அதேதான்! கோவாவில் மனநலப் பணி செய்து பெயர் பெற்ற டாக்டர் விக்ரம் படேல், அதற்கு முன்னால் ஜிம்பாப்வேயில் இந்த மாதிரிச் சொற்களைச் சேகரித்தார். அந்த ஊர்ச் சொற்களை வைத்தே கேள்வித்தாள் தயாரித்தார்.

பின்னால் அந்த நாட்டு டாக்டர் டிக்சன் சிபாண்டா, 2006-ல் ஒரு காரியம் தொடங்கினார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெஞ்சு போட்டார். பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் அதில் உட்கார்ந்து வருகிறவர்களின் குறையைக் கேட்டார்கள். முதலில் அதற்கு "மனநல பெஞ்சு" என்று பெயர். யாரும் வந்து உட்காரவில்லை! பாட்டிமார் யோசனைப்படி "சிநேக பெஞ்சு" என்று மாற்றினார்கள். ஜனங்கள் வந்தார்கள். பலன் உண்டா என்று 573 பேரை வைத்துச் சோதித்தார்கள். பலன் உண்டு என்று 2016-ல் நிரூபணம் ஆயிற்று.

கேட்பது சுலபமா?

"பேசுவதைக் கேட்பது ஓர் ஆராய்ச்சியா? டீக்கடையில்கூடக் கேட்கிறோமே!" என்று தோன்றலாம்.

டீக்கடையில் கேட்பவர் பாதியில் குறுக்கிடுவார். "எனக்கும் அப்படித்தான்" என்று தன் கதையைத் தொடங்குவார். மறுநாள் ஊருக்கே சொல்லிவிடுவார். ஆராய்ச்சியில் இந்த மூன்றும் கூடாது.

முதலில் சம்மதம் வாங்க வேண்டும். "இஷ்டம் இல்லை என்றால் சொல்ல வேண்டாம். அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்காது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பேச்சைப் பதிவு செய்கிறார்கள். பிறகு ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறார்கள். நடுவில் நோயாளி பேசாமல் இருந்தாரா, பெருமூச்சு விட்டாரா, சிரித்தாரா, அதையும் எழுதுகிறார்கள். "என் வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர்" என்று சொல்லிவிட்டு ஒரு பெண் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால், அந்த ஒரு நிமிஷமும் பதில்தான்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஒரு நாள்கூட ஆகும். எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் குறிப்பு. இது கடன் பற்றி, இது அவமானம் பற்றி, இது தூக்கம் பற்றி. இதே வேலையை இன்னொருவர் தனியாகச் செய்வார். பிறகு இரண்டு குறிப்பும் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பார்கள். ஒத்துப் போகாத இடத்தில் வாதாடுவார்கள். புதிய ஆளைக் கேட்டாலும் புதிய விஷயம் வராத கட்டம் ஒன்று வரும். அங்கே நிறுத்துவார்கள்.

கேள்வி கேட்பதில்தான் பெரிய ஆபத்து. "பயமாக இருக்கிறதா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று பதில் வரும். பெரிய படிப்புப் படித்தவர் கேட்கிறாரே, மறுத்தால் மரியாதை இல்லையே! "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். படித்தவர்களுக்கு இரண்டாவதுதான் கஷ்டம்.

கூட வந்தவர்கள் இன்னொரு சங்கடம். நம் நாட்டில் யாரும் தனியாக ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. அம்மா வருவார், மாமியார் வருவார், சித்தப்பா வருவார். பெண்ணைக் கேட்டால் மாமியார் பதில் சொல்வார். "இவ சரியா சாப்பிடறதில்லைங்க, அதான்." பெண் தரையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். கூட வந்தவரை விரட்டவும் முடியாது. வீட்டுக்குப் போய் மாத்திரை கொடுக்கப் போகிறவர் அவர்தான். அவரிடமும் கேட்க வேண்டும். ஆனால் தனியாகக் கேட்க வேண்டும். பெண்ணிடமும் தனியாக.

ரகசியம் காப்பது பெரிய பொறுப்பு. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சின்ன ஊரில் "கோயில் பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கும் விதவை" என்று எழுதினாலே போதும். யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்!

கழற்றாத தாலி

சென்னையில் "ஸ்கார்ப்" என்ற மனநல நிறுவனம் இருக்கிறது. 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கியது. இந்தியாவின் முதல் பெண் மனநோய் டாக்டர் அவர். 2021-ல் காலமானார்.

அந்த நிறுவனத்தின் டாக்டர் தாராவும் அவருடைய குழுவினரும் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். மனச்சிதைவு நோய் வந்து, அதனால் கல்யாண வாழ்க்கை முறிந்துபோன 76 பெண்களைப் பற்றியது அது. 2003-ல் வெளிவந்தது. எத்தனை பேர் என்று எண்ணுவதோடு நிற்காமல், அந்தப் பெண்கள் சொன்னதைக் கேட்டார்கள். வீட்டாரையும் கேட்டார்கள்.

என்ன வேதனை பெரிதாக இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள்? வியாதிதான் என்று நினைப்பார்கள். காதில் குரல் கேட்பது, சந்தேகம், பயம், இவைதான் என்று நினைப்பார்கள்.

அப்படி இல்லை! "புருஷன் விட்டுவிட்டுப் போனவள்" என்ற பெயர்தான் வியாதியைவிட அதிகமாக வாட்டியது. பெண்களுக்கும் அப்படி, பெற்றோருக்கும் அப்படி. பிரிந்து போன பிறகும் தாலியைக் கழற்றாத பெண்கள் இருந்தார்கள். என்றைக்காவது அவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை.

கேள்வித்தாளில் இதற்கு மார்க் கிடையாது. வியாதி எவ்வளவு குறைந்தது என்று அளந்தால், "நல்ல முன்னேற்றம்" என்று எண் வந்திருக்கும். அவள் வாழ்க்கையில் என்ன முன்னேற்றம்? அவளுக்கு வேண்டியது மாத்திரை மட்டும் அல்ல. தங்க இடம், கையில் ஒரு தொழில், அப்பா அம்மாவுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்குப் பதில். கேட்ட பிறகுதான் இது தெரிந்தது.

கோயிலில் போய்ப் பார்த்தார்கள்

மனசு கெட்டவர்களைக் கோயிலுக்கும் தர்காவுக்கும் அழைத்துப் போகிறார்கள். படித்தவர்கள் இதைக் கேலி செய்வது வழக்கம்.

2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்த கொடுமையை நாடே அறியும். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அதன் பிறகு கெடுபிடி வந்தது. வர வேண்டியதுதான். இன்று 2017-ம் வருஷச் சட்டப்படி மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதே குற்றம்.

ஆனால் எல்லாக் கோயிலும் ஏர்வாடிக் கொட்டகையா? பெங்களூர் ஆராய்ச்சி செய்த அதே டாக்டர் ரகுராமும் அவர் குழுவினரும் போய்ப் பார்த்தார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற கிராமம். அங்கே முத்துசாமி கோயில். மனநோயாளிகள் வீட்டாரோடு வந்து தங்குகிற இடம்.

சும்மா ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. வந்து தங்கிய 31 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். கூட இருந்த வீட்டாரிடம் பேசினார்கள். அங்கே அடி உதை இல்லை. காலையில் ஒரு சின்ன பூஜை. பிறகு நோயாளிகள் கோயிலைப் பெருக்குவார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். வந்தபோது எவ்வளவு, போகும்போது எவ்வளவு என்று வியாதியின் கடுமையை அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது! இந்த விவரம் 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது.

இதை வைத்துக்கொண்டு "மாத்திரை வேண்டாம், கோயில் போதும்" என்று யாராவது சொன்னால், அது ஆபத்தான பேச்சு. 31 பேரும் ஒரே கோயிலில் தங்கியவர்கள். கோயிலுக்குப் போகாத 31 பேரோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. மனச்சிதைவுக்கு மாத்திரை அவசியம். ஆனால் இந்த ஆராய்ச்சி ஒரு விஷயத்தைக் காட்டியது. பயமுறுத்தாத இடம், பக்கத்தில் சொந்தக்காரர்கள், கைக்கு வேலை, "உன்னால் முடியும்" என்ற மரியாதை. இவை மருந்துப் புட்டியில் வருவதில்லை.

பத்திரிகையில் சண்டை

டாக்டர்கள் எல்லோரும் இந்த ஆராய்ச்சி முறையை ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. "இருபது பேர் கதை எப்படி விஞ்ஞானம் ஆகும்?" என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஓசூரில் நூற்றுக்கு எத்தனை பேருக்குச் சோர்வு என்று தெரிய வேண்டும் என்றால், இருபது பேர் கதை உதவாது. கேட்டவர் தன் எண்ணத்தையே நோயாளியின் வாயில் போட்டிருக்கவும் கூடும்.

முத்துசாமி கோயில் ஆராய்ச்சியை வெளியிட்டதே பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகை, அதுவே 1995-ல் இந்த முறையை விளக்கி டாக்டர்களுக்காகத் தொடர் கட்டுரை போட்டது. பிறகு இந்த மாதிரிக் கட்டுரைகளுக்கு இடம் சுருங்கியது. 2016-ல் பல நாடுகளைச் சேர்ந்த 76 அறிஞர்கள் ஒன்றுசேர்ந்து பத்திரிகை ஆசிரியர்களுக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். "எண் இல்லாத ஆராய்ச்சி என்றால் ஏன் தள்ளுகிறீர்கள்?" என்பது அவர்கள் வழக்கு. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஒரு விஷயத்தில் கேட்டறியும் கட்சிக்குத்தான் நியாயம் அதிகம். தற்கொலை எண்ணம் வந்தவரைப் பற்றி எண் சொல்வது மிகக் குறைவு. அந்த எண்ணம் எந்த இரவில் வந்தது, எது அவரைத் தடுத்து நிறுத்தியது, குழந்தையின் முகமா, அம்மாவின் குரலா? அதைச் சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

வீட்டில் இருப்பவர்கள் கவனத்துக்கு

வயிறு எரிகிறது, நெஞ்சு பாரம் என்று ஒருவர் மாதக் கணக்கில் சொல்கிறார். பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. நடிக்கவும் இல்லை. டாக்டரிடம் அடுத்த தடவை போகும்போது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, ஷிப்டு எப்போது மாறியது, வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவும். நோயாளி தனியாகப் பேச விரும்பினால், கூடப் போனவர் பத்து நிமிஷம் வெளியே நிற்கலாம். சொல்வதைத் தன் வீட்டுப் பாஷையிலேயே சொல்லலாம். தமிழ் தெரியாத பாட்டி தெலுங்கில் சொன்னால் குறைவு ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சமாக இருந்தால் டெலிபோன் இருக்கிறது. மத்திய அரசு 2022-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி "டெலி மானஸ்" என்ற சேவையைத் தொடங்கியது. நாடு முழுவதற்கும் இதை மேற்பார்க்கும் பொறுப்பு, ஓசூர் ரோட்டில் உள்ள அதே நிம்ஹான்சுக்கு. எண் 14416. காசு கிடையாது. இரவு ஷிப்டு முடிந்து விடியற்காலை மூன்று மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார்கள். தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம். எந்தப் பாஷை வேண்டும் என்பதைக் கூப்பிடுகிறவரே தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம்.